பேதி மருந்தும் மாத்திரைப் பையும்: பேராக் தோட்ட வழியினரின் குடல் இயக்கம்

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபின், அங்கே பால் வெட்டியவர்களில் பலர் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் முதுமை அடைந்திருக்கின்றனர். மலம் கட்டினால் உடற்சூடு என்பார்கள், வயிறு போனால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். கிளினிக்கில் வாங்கிவந்த மாத்திரைப் பையின் மேல் சந்தேகம் எழுவதில்லை. விசாரணை அந்தப் பையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

பேதி மருந்தின் மேலுள்ள நம்பிக்கை தமிழகத்திலிருந்து வந்தது. தோட்ட மருத்துவம் அதற்கு வலுச்சேர்த்தது என்றே கருதுகிறேன். 1915 முதல் 1917 வரை சாமுவேல் டார்லிங் தலைமையிலான ராக்பெல்லர் அறக்கட்டளைக் குழு, மலாயா உள்ளிட்ட இடங்களில் கொக்கிப்புழு நோயை ஆராய்ந்தது. அக்காலப் புழு மருந்துகளான தைமாலும் கீனோப்போடியம் எண்ணெயும் நச்சுத்தன்மை மிக்கவை. புழுவோடு மருந்தையும் வெளியேற்றப் பேதி உப்பு தேவைப்பட்டது. அன்று பேதிக்குத் தெளிவான காரணம் இருந்தது.

இன்றைய நோய் வேறு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். அதற்கு முதலில் தரப்படும் மருந்தான மெட்போர்மின், பித்த உப்புகள் மீண்டும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. அவை பெருங்குடலை எட்டி நீரை இழுத்து அதன் அசைவை முடுக்குவதே வயிற்றுப்போக்குக்கான காரணங்களில் ஒன்று. வெளியூர்ப் பயணத்துக்கு அஞ்சி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுபவர் அதை மருத்துவரிடம் சொல்லக் கூசுகிறார். ஏறிய சர்க்கரையைக் கண்ட மருத்துவரோ அளவைக் கூட்டுகிறார். குறைந்த அளவில் தொடங்குவதும், உணவோடு உண்பதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதும் பலருக்குப் போதும்.

எதிர்த்திசையில் இழுப்பவையும் அதே பையில் இருக்கலாம். ரத்தக் கொதிப்புக்கான வெராபமில், கால்சியம் தசைக்குள் நுழைவதைத் தடுத்துக் குடற்சுருக்கத்தைத் தளர்த்துகிறது. நரம்பெரிச்சலுக்கான அமிட்ரிப்டிலின் அசிட்டைல்கோலினின் செயலை மறிக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் பலருக்கு மலத்தை இறுக்குகிறது. நெடுநாள் இனிப்புநீரே குடல் நரம்புகளைக் கெடுக்கும் என்பதால், பழியை மருந்தின் மேல் மட்டும் போடவும் முடியாது. எந்த மாத்திரை தொடங்கிய வாரத்தில் தொல்லை வந்தது என்று கேட்டால்தான் இரண்டையும் பிரித்தறியலாம்.

காரணத்தை விட்டுவிட்டு நிலாவரை என்னும் பேதி மூலிகையை அள்ளிக் குடிப்பவர் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் உண்டால், இரண்டும் சேர்ந்து ரத்தத்தின் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்குக் குறைக்கலாம். நிலாவரை குடல் நரம்பை அழித்துவிடும் என்ற பழைய அச்சத்துக்கு உறுதியான சான்றில்லை. நிலாவரையை முற்றாக விலக்கச் சொல்வதும் தவறு; அது தேவைப்படும் இடமும் உண்டு. கோடீன், மார்பின் போன்ற வலிமருந்துகள் குடல்சுவரின் நரம்புப் பின்னலிலேயே அமர்ந்து அசைவை அடக்குகின்றன. வலி தணிக்கும் ஆற்றல் நாளடைவில் மங்கினாலும் மலச்சிக்கல் அவ்வளவாக மங்குவதில்லை. புற்றுநோயாளிக்கு மார்பின் எழுதும் அன்றே, சிக்கல் வரும்வரை காத்திராமல், நிலாவரை போன்ற மலமிளக்கியையும் எழுத வேண்டும்.