களைக்கொல்லியை உடைக்கும் வெளிச்சம்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு வேதியியல் எதற்கு என்று கேட்காதீர்கள். ராயபுரத்தில் குடியிருந்துகொண்டு தண்ணீரைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியுமா, சொல்லுங்கள்!

செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872-ல் சென்னைக்கு வந்தது. அதை மணலில் வடிகட்டும் கீழ்ப்பாக்கம் நிலையம் 1914-ல். அன்றைய எதிரிகள் சேறும் காலராவும்தான். இன்றைய களைக்கொல்லிகள் அப்போது பிறக்கவே இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் 2,4-டி வந்தது. வியட்நாமில் அமெரிக்கா தெளித்த 'ஏஜெண்ட் ஆரஞ்ச்' கலவையில் பாதி இதுதான். நம் வயல்களிலும் இன்றுவரை தெளிக்கிறார்கள். தண்ணீரில் கரைந்துவிட்ட இந்தச் சரக்கு மணலுக்கு லேசில் அகப்படாது.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான மருந்து நோய்க்கு முன்பே தயாராக இருந்தது. 1876-ல் கேம்பிரிட்ஜில் ஃபென்டன் என்ற மாணவர், வயது 22 (நம்ம செட்!), டார்டாரிக் அமிலத்தில் இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தபோது ஊதா நிறம் வந்ததைக் கவனித்தார். விரிவான கட்டுரை வெளியிட 1894 ஆகிவிட்டது. ஏன் அப்படி நடக்கிறது என்பதற்கு 1934-ல் ஹேபரும் வைஸும் விளக்கம் கொடுத்தார்கள். இரும்பு பெராக்சைடை உடைக்கிறது. அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் துகள் கண்ணிமைக்கும் நேரம்கூட உயிரோடிருக்காது, ஆனால் பக்கத்தில் இருக்கும் கரிமப் பொருளைக் கடித்துக் குதறிவிடும்.

இந்தக் கலவையை 2,4-டி மேல் ஏவிப் பார்த்தவர் அமெரிக்காவின் பிக்னாடெல்லோ. 1992-ல் வந்த அவர் கட்டுரைப்படி, இருட்டில் வேலை பாதியில் நின்றது. வெளிச்சம் பட்டதும் முழுக்க முடிந்தது. காரணம், செயலிழந்த இரும்பை ஒளி மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. மிஞ்சுவது கரியமில வாயு, தண்ணீர், கொஞ்சம் குளோரைடு. நெதர்லாந்தின் ஆண்டைக் ஊரில் 2004 முதல், இரும்பில்லாமல் புற ஊதா விளக்கும் பெராக்சைடும் வைத்துக் குடிநீரையே இப்படிச் சுத்தம் செய்தார்கள்.

நம்ம ஊரில்? இந்தியக் குடிநீர்த் தரம் 2012-ல் 2,4-டிக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், அட்ராசினுக்கு 2 என்று வரம்பு போட்டிருக்கிறது. நாம் நம்பியிருப்பது ஆர்.ஓ. கொடுங்கையூரில் 2019-ல் வந்த ஆலை, தினம் 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வழியாகச் சுத்தமாக்கி மணலி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆர்.ஓ. எதையும் அழிப்பதில்லை, ஒதுக்குகிறது, அவ்வளவே. ஒதுக்கியது அடர்த்தியாகிக் கழிவில் போகும். எங்கள் பாஷையில் சொன்னால், இது கடனை அடைப்பதில்லை. வேறொருவர் பேரேட்டில் எழுதுவது.

ஃபென்டன் முறையும் இலவசமல்ல. தண்ணீரைப் புளிப்பாக்கவேண்டும் (பி.எச். 3 அளவு), பிறகு சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யவேண்டும், இரும்புச் சகதியை அள்ளவேண்டும். ஏரித் தண்ணீர் முழுவதற்கும் செய்தால் கட்டுப்படியாகாது. அந்த ஆர்.ஓ. கழிவுக்கு மட்டும் என்றால் அளவு குறைவு. விளக்குக்குக் கரண்ட் செலவா? ஸ்பெயினின் அல்மேரியாவில் வெயிலை வைத்தே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். வெயிலுக்கு எண்ணூரில் என்ன பஞ்சம்?