சுழலும் தட்டும் பேசும் பெட்டியும்

பால்காரர் பால் அளக்கும்போது நம் வீட்டுப் பெண்மணிகள் நுரை அடங்கும் வரையில் பொறுத்திருந்து ஆழாக்கின் விளிம்பைப் பார்ப்பார்கள். மளிகைக் கடையில் தராசு முள் நடுவே நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்க்காமல் யாரும் பொட்டலத்தைக் கையில் வாங்குவதில்லை. இதனால் பால்காரரோ கடைக்காரரோ கோபித்துக்கொள்வதும் இல்லை. அளப்பது ஒருவர் கை, பார்ப்பது மற்றவர் கண். இரண்டும் சேர்ந்தால்தான் வியாபாரம் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட சங்கதி.

மின்சாரம் வந்தபோதுதான் இந்த ஏற்பாட்டுக்குச் சங்கடம் உண்டாயிற்று. மின்சாரத்துக்கு நுரை கிடையாது, நிறம் கிடையாது, மோந்து பார்க்க முடியாது, தொட்டுப் பார்ப்பதோ ஆபத்து. கம்பி வழியாக வந்து, விளக்கை எரித்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. பிறகு ஒரு நாள், "நீங்கள் இவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள், இவ்வளவு பணம் கட்டுங்கள்" என்று ஒரு காகிதம் வருகிறது. அதை எப்படி நம்புவது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான் மின்சார மீட்டரின் சரித்திரம். ஸ்மார்ட் மீட்டர் என்று இன்று ஊரெல்லாம் பேசுகிறோமே, அதை விளங்கிக்கொள்வதற்கும் இந்தப் பழைய கதை தெரிந்திருப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அது விஞ்ஞானத்தின் கதை மட்டும் அல்ல. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் நம்புவதற்குப் பட்ட பாட்டின் கதையும்கூட.

நியூயார்க் நகரில் பெர்ல் தெரு என்று ஒரு தெரு. அங்கே 1882 செப்டம்பர் 4-ஆம் தேதி எடிசன் தமது மின் நிலையத்தை ஓட்ட ஆரம்பித்தார். முதல் நாள் எரிந்தவை ஏறக்குறைய 400 விளக்குகள். ஆனால் சில மாதங்கள் வரை வாடிக்கைக்காரர்களிடம் பணம் வாங்கவில்லை. 1883 ஜனவரியில்தான் முதல் பில் போயிற்று. பித்தளைக் கம்பெனி ஒன்றுக்கு, 50 டாலர் சொச்சத்துக்கு.

எடிசன் செய்த மீட்டர் ஒரு வேடிக்கையான சாதனம். ஜாடியில் துத்தநாக உப்புக் கரைசல். அதில் முங்கிய துத்தநாகத் தகடுகள். வீட்டுக்குள் போகும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு இந்த ஜாடியின் வழியாகப் போகும். போகும்போது ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் போய்ப் படியும். மாதம் ஒரு முறை கம்பெனி ஆள் வந்து தகடுகளை எடுத்துப் போவார். அவற்றைக் கம்பெனியின் அறையில் நுட்பமான தராசில் நிறுத்து, எவ்வளவு எடை மாறியிருக்கிறதோ அவ்வளவு மின்சாரம் செலவானதாகக் கணக்கிடுவார்கள். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடக் கூடாதே என்று, குளிர் மிகுந்தால் தானே எரியும்படி பெட்டிக்குள் ஒரு விளக்கும் வைத்திருந்தார் எடிசன். சாமர்த்தியத்தில் குறைவே இல்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. நிறுப்பது கம்பெனி, நிறுப்பதைப் பார்ப்பதும் கம்பெனி. வாடிக்கைக்காரருக்கு ஜாடியைப் பார்த்து ஒன்றும் புரியாது. கோடீஸ்வரர் ஜே. பி. மார்கனுக்கே இந்த மீட்டரில் நம்பிக்கை வரவில்லை என்று எடிசனின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு கதை உண்டு. எடிசனுடைய கம்பெனியில் பணம் போட்டிருந்தவர் அவர்! கடைசியில் விளக்குகளுக்கு அருகே அட்டைகளைத் தொங்கவிட்டு, எத்தனை மணி நேரம் எரிந்தன என்று குறித்துப் பார்த்தார்களாம். மாத முடிவில் மீட்டர் காட்டியது அதிகமாகவும் அட்டைக் கணக்குக் குறைவாகவும் இருந்தன. மார்கன் பக்கம்தான் நியாயம் என்று தோன்றியது. எடிசன் விடாமல் விசாரித்தார். அலுவலகம் மூடிய பிறகு கூட்டிப் பெருக்க வந்த ஊழியர் விளக்குகளைப் போட்டுக்கொண்டு வேலை செய்திருக்கிறார். அதை யாரும் அட்டையில் குறிக்கவில்லை. மீட்டர் சொன்னது நிஜம்தான்.

கதை சுவையானதுதான். ஆனால் மார்கனுக்கு எடிசனே நேரில் வந்து சந்தேகம் தீர்த்தார். தெருக்கோடித் தையற்காரருக்கு யார் வந்து தீர்த்துவைப்பார்கள்?

அதற்கு வழி பிறந்தது ஒரு சுருள்வில்லினால். 1888-ல் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் ஷாலன்பர்கர் என்ற பொறியாளர் ஒரு விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து சிறு சுருள்வில் ஒன்று கழன்று விழுந்தது. விழுந்தது சும்மா கிடக்காமல் மெல்லச் சுழன்றது. வேறொருவராயிருந்தால் எடுத்துப் பழைய இடத்தில் மாட்டியிருப்பார். ஷாலன்பர்கர், ஏன் சுழன்றது என்று யோசித்தார். மாறுமின்சாரம் உண்டாக்கும் காந்தப் புலமும் சுழல்கிறது; அது உலோகத்தையும் சுழற்றுகிறது. சில வாரங்களுக்குள் அதை வைத்தே ஒரு மீட்டர் செய்துவிட்டார்.

இந்தச் சுழலும் காந்தப் புலத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1885-ல், இத்தாலியில் டூரின் நகரத்துப் பேராசிரியர் கலிலியோ ஃபெராரிஸ் கண்டுபிடித்திருந்தார். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கிக்கொள்ளவில்லை. 1888-ல் கட்டுரையாக எழுதி உலகத்துக்கே கொடுத்துவிட்டார். 1889-ல் ஹங்கேரியில் ஓட்டோ பிளாதி என்பவர், செலவாகும் சக்தியை நேராக அளக்கும் சுழல் மீட்டரைச் செய்து காப்புரிமை பெற்றார். மரப்பலகையோடு சேர்த்து அதன் எடை 23 கிலோ! பிறகு அது இளைத்து, சிறுத்து, கண்ணாடி மூடி போட்டுக்கொண்டு, உலகத்துச் சுவர்களிலெல்லாம் ஏறி உட்கார்ந்தது. ஜெர்மானியர்கள் இன்றும் அதை ஃபெராரிஸ் மீட்டர் என்றே சொல்கிறார்கள்.

அந்த அலுமினியத் தட்டு ஓரத்தில் ஒரு கறுப்புக் கோட்டுடன் சுழல்வதை வாசகர்களும் பார்த்திருப்பீர்கள். நானும் நின்று பார்த்ததுண்டு. எல்லா விளக்கையும் அணைத்தால் நிற்கும். இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் பறக்கும். பள்ளிக்கூடத்துப் பையன்கூடப் பரீட்சை செய்துவிடலாம். அந்தத் தட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்ததற்கு அதன் துல்லியம் ஒரு காரணம். மற்றொரு காரணம், தராசு முள்ளைப் போல் அதை இரண்டு பேரும் பார்க்கலாம் என்பது. கம்பெனி ஆள் எழுதிக்கொண்டு போகும் எண் எதுவோ, அதே எண் வீட்டுக்காரர் கண்ணுக்கும் தெரியும். வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது. மொத்தத்தை மட்டும் சொல்லும்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! ஃபெராரிஸ் பிறந்த இத்தாலிதான் அவருடைய தட்டை முதன்முதலில் நாடு முழுவதும் கழற்றிப்போட முன்வந்தது. எனெல் என்பது அந்நாட்டு மின்சார ஸ்தாபனம். 1962-ல் மின்சாரத் தொழிலை நாட்டுடைமை ஆக்கியபோது ஏற்பட்டது. 1999-ல் சட்டம் மாறி, மின்சார விற்பனையில் போட்டிக்குக் கதவு திறந்தது. வீடு வீடாக ஆள் அனுப்பிக் கணக்கெடுப்பதும், இணைப்பைத் துண்டிக்கவும் சேர்க்கவும் வண்டியில் ஆள் போவதும் எவ்வளவு செலவு! எனெல் துணிந்து இறங்கியது. 2001-ல் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 3 கோடி வீடுகளிலும் கடைகளிலும் புதிய மின்னணு மீட்டரைப் பொருத்திவிட்டது. உலகத்தில் அதுவரை யாரும் இவ்வளவு பெரிய அளவில் செய்ததில்லை.

எப்படிச் செய்தார்கள்? மீட்டர் தன் கணக்கை மின்கம்பி வழியாகவே சமிக்ஞையாக அனுப்பும். தெருவிலுள்ள மின்மாற்றி நிலையத்தில் ஒரு பெட்டி, சுற்றியுள்ள மீட்டர்களின் கணக்கையெல்லாம் திரட்டிக்கொள்ளும். அங்கிருந்து தொலைபேசி வலையின் மூலம் தலைமை நிலையத்துக்குப் போய்ச் சேரும். மின்கம்பியில் பேச வைக்கும் நுட்பத்தைக் கொடுத்தது கலிபோர்னியாவின் எச்சலான் கம்பெனி. ஆப்பிள் கம்பெனிக்கு ஆரம்ப காலத்தில் பணம் போட்ட மார்க்குலா என்பவர் 1988-ல் தொடங்கியது. எனெல் 2000-ல் அதன் பங்குகளையும் வாங்கிக்கொண்டது. எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் வேலையில் ஐ.பி.எம். கம்பெனி உதவிற்று. மொத்தச் செலவு சுமார் 210 கோடி யூரோ. ஆண்டுக்கு 50 கோடி யூரோ மிச்சம் என்று எனெல் கணக்குக் காட்டியது.

கணக்கு அருமையான கணக்கு. ஆனால் புதிய பெட்டிக்குப் பழைய தட்டுக்கு இல்லாத இரண்டு அவயவங்கள் முளைத்துவிட்டன. ஒன்று கை, மற்றொன்று வாய்.

கை என்று நான் சொல்வது உள்ளே இருக்கும் சுவிட்சை. வெகு தூரத்தில் உட்கார்ந்துகொண்டே ஒரு வீட்டின் மின்சாரத்தை நிறுத்தலாம், குறைக்கவும் செய்யலாம். இத்தாலியில் சாதாரணமாக ஒரு வீட்டுக்கு 3 கிலோவாட் அனுமதி. பணம் கட்டத் தவறியவருக்கு உடனே இருட்டடிப்பதில்லை. முதலில் அதை 15 சதவீதமாகக் குறைத்து, 15 நாள் தவணை கொடுப்பார்கள். சில விளக்குகள் எரியும். குளிர்ப்பெட்டி ஓடினாலும் ஓடும். சலவை யந்திரம் ஓடாது. கையில் கொஞ்சம் கருணையும் இருக்கலாம் என்பதற்கு இது அடையாளம். கருணை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் பார்த்தது. கடனாளிகளின் ஸ்மார்ட் மீட்டர்களைத் தூரத்திலிருந்தே முன்பணம் கட்டும் முறைக்கு மாற்றிவிட்டார்கள். பணம் தீர்ந்தால் குளிரில் நடுங்க வேண்டியதுதான். கூச்சல் கிளம்பவே, இப்படிக் கட்டாயமாக மாற்றுவதை 2023 பிப்ரவரியில் நிறுத்திவைக்கும்படி ஆயிற்று. முன்னெல்லாம் இணைப்பைத் துண்டிக்க ஓர் ஆள் வாசலுக்கு வரவேண்டும். தொட்டிலில் குழந்தை தூங்குவது அவர் கண்ணில் படும். இரண்டு நாள் தவணை சொல்லி அனுப்பலாம். தூரத்துச் சுவிட்சுக்குத் தொட்டில் தெரியாது.

இனி வாய். பழைய மீட்டர் மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஓர் எண் சொல்லிற்று. புதியது கால் மணிக்கு ஒரு எண் சொல்லும். கதை எழுதுகிறவன் என்ற முறையில் இது என்னைத் திடுக்கிட வைக்கிறது. ஒரு குடும்பத்தின் உள்விவகாரம் தெரிய நாங்கள் எவ்வளவு கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது! இந்த எண்களை ஒருவன் வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும். இரவு இரண்டு மணிக்கு மூன்று நாளாக விளக்கு எரிகிறதா? வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. பத்து நாளாக ஒன்றுமே ஓடவில்லையா? வீடு பூட்டிக் கிடக்கிறது; திருடனுக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டியதில்லை.

இது கதாசிரியனின் மிகையல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1980-களில் ஒரு வழி கண்டார்கள். வீட்டுக்குள் நுழையாமல், மின்சாரம் ஏறி இறங்கும் மாதிரியைக் கொண்டே எந்த யந்திரம் எப்போது ஓடிற்று என்று பிரித்துச் சொல்லும் வழி. கண்டுபிடித்த ஹார்ட்டே 1989-ல், இதை வேவு பார்க்கவும் பயன்படுத்தலாம் என்று கட்டுரை எழுதி எச்சரித்தார். தன் குழந்தையின் குறும்பைத் தானே ஊருக்குச் சொன்ன தகப்பனாரை நான் மதிக்கிறேன்.

அந்த எச்சரிக்கையின் அர்த்தம் நெதர்லாந்து நாட்டுச் சட்டசபையில் வெளிப்பட்டது. எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம், மறுத்தால் அபராதமோ சிறைத் தண்டனையோகூட உண்டு என்ற மசோதாவை 2008-ல் கீழ்ச்சபை நிறைவேற்றியது. 2009-ல் அது மேல்சபைக்கு வந்தபோது, வீட்டின் அந்தரங்கத்தில் அரசாங்கம் இவ்வளவு தூரம் நுழையலாமா என்ற கேள்வி எழுந்தது. மசோதா அப்படியே நிறைவேற மேல்சபை இடம் கொடுக்கவில்லை. மசோதாவைத் திருத்தினார்கள். 2011-ல் நிறைவேறிய சட்டம், மீட்டரே வேண்டாம் என்று சொல்லவும், மீட்டர் இருந்தாலும் அது கணக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லவும் குடித்தனக்காரருக்கு உரிமை தந்தது. இதனால் திட்டம் அழிந்துபோகவில்லை. பிற்பாடு பெரும்பாலான வீட்டுக்காரர்கள் மனமொப்பியே மீட்டரை ஏற்றார்கள். வேண்டாம் என்று சொல்லலாம் என்றால்தான் சரி என்று சொல்வதற்கும் மனம் வருகிறது. மனித சுபாவம் அப்படி.

இன்னொரு விஷயமும் உண்டு. பழைய தட்டு முப்பது, நாற்பது ஆண்டு சுழன்றது. இத்தாலியில் 2017-லேயே முதல் தலைமுறைப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு இரண்டாம் தலைமுறையை மாட்டத் தொடங்கினார்கள். எச்சலான் கம்பெனியோ 2014-ல் மீட்டர் தொழிலை விற்றுவிட்டது. 2018-ல் மிச்சமிருந்ததையும் வேறொரு கம்பெனி வாங்கிவிட்டது. சுவரில் மாட்டிய பெட்டி அங்கேயே இருக்க, அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். கூட்டு வியாபாரத்தில் இது ஒரு பங்கு.

இதெல்லாம் தூரதேசத்துக் கதை அல்ல. இந்தியாவில் 2021-ல் மத்திய அரசு அங்கீகரித்த திட்டம், 25 கோடி முன்பண ஸ்மார்ட் மீட்டர்களைக் குறிக்கோளாகக் கொண்டது. தனியார் கம்பெனி முதல் போட்டு மீட்டரை மாட்டிப் பராமரிப்பது, மின் ஸ்தாபனம் மீட்டருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுப்பது என்பது அதில் பெரும்பாலும் கையாளப்படும் ஏற்பாடு. திருட்டும் நஷ்டமும் குறைய வேண்டியதுதான். கூரையில் சூரிய ஒளித் தகடு போட்டவருக்குக் கொடுத்ததையும் வாங்கியதையும் பிரித்து எழுத இப்படி ஒரு கருவி தேவைதான். நான் புதுமைக்கு விரோதி அல்ல.

ஆனால் வாசலில் புதுப் பெட்டியோடு ஆள் வந்து நிற்கும்போது, பால் வாங்கும் பெண்மணியின் கண்ணோடு நாலு கேள்வி கேட்கலாம். இது எத்தனை நாழிகைக்கு ஒரு தடவை பேசும்? யாரிடம் பேசும்? அங்கே சொல்லும் கணக்கை எனக்கும் காட்டுமா? தவறாக என் விளக்கை அணைத்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? பதில் சொல்லத் தெரிந்தவர் மீட்டரைத் தாராளமாக மாட்டட்டும். பதில் தெரியாது என்றால், தெரிந்துகொண்டு நாளைக்கு வரச் சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.