பிழைதேடும் குறிப்புகளின் எடை

மனிதர் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், எந்தக் கட்டளை எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியிலிருந்து பிறந்தது, எந்த மாறி நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற விவரங்களையும், கேட்டால், உடன் எழுதித் தரும். பிழைதேடல் குறியீடுகள் எனப்படும் இவை நிரல் ஓடுவதற்குத் தேவையற்றவை, ஆயினும் பல வேளைகளில் நிரலைவிடப் பன்மடங்கு பருத்தவை. மஸ்கெலியாவின் தேயிலை ஸ்டோர்களில் ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகச் சுருங்கும்போது இழக்கப்படுவது பெரும்பாலும் நீர்தான். நிரலிலிருந்து குறியீடுகளை நீக்கும்போது இழக்கப்படுவதோ அறிவு.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்க ஆண்டுகளில் பெல் ஆய்வுக்கூடத்தின் பி.டி.பி-11 கணினியில் நினைவகம் 24 கிலோபைட், வட்டு 512 கிலோபைட் மட்டுமே என்பதால், 1971ஆம் ஆண்டின் முதற்பதிப்புக் கையேட்டிலேயே குறியீடுகளை உரித்தெடுக்கும் ‘ஸ்ட்ரிப்’ கட்டளை இடம்பெற்றதில் வியப்பில்லை. 1980களின் நடுப்பகுதியில் அதே ஆய்வுக்கூடத்தில் உருவான ‘ட்வார்ஃப்’ என்னும் குறிப்பு வடிவம் அளவுக்கு மீறி இடம்பிடித்ததால், 1993இல் வந்த இரண்டாம் பதிப்பு சுருக்கக் குறிகளைப் புகுத்திற்று.

சி++ மொழி பரவியபோது சுமை வேறு வகையில் ஏறியது. ஒரு தலைப்புக் கோப்பை ஆயிரம் கோப்புகள் சேர்த்துக்கொண்டால், அதிலுள்ள வகைகளின் விவரணை ஆயிரம் முறை திரும்ப எழுதப்படும். துண்டுகளை ஒன்றாக்கும் லிங்கர் அவை அனைத்தையும் கையாள வேண்டியிருந்ததால், 4 ஜிகாபைட்டுக்கு மேல் முகவரியிட இயலாத 32 பிட் கணினிகளில் பெரிய உலாவிகளைக் கட்டுவோர், குறிப்புகளைக் குறைத்தோ முற்றாக விட்டோ தப்பினர். 2012இல் வந்த ‘டிடபிள்யூஇசட்’ கருவி இரட்டிப்புகளைக் களைந்தது. 2013இல் ஜிசிசி கம்பைலரின் 4.8 பதிப்பு, குறிப்புகளின் பெரும்பகுதியை லிங்கரின் கண்ணில் படாத தனிக் கோப்பில் ஒதுக்கும் வழியைத் தந்தது. செலவு ஒழிந்துவிட்டதாக இதைக் கொள்ளலாகாது; அது நினைவகத்திலிருந்து வட்டுக்கு இடம்பெயர்ந்தது, அவ்வளவே.

மஸ்கெலியாவில் ரீலோட் செய்த டேட்டாவில் ஒருவர் இறக்கும் செயலியின் இயந்திரமொழிப் பகுதியும் பொதுவாகக் குறியீடு உரிக்கப்பட்டே வருகிறது. அது நின்றுபோனால் தயாரிப்பாளருக்குச் செல்வது வெறும் முகவரி எண்களே. அவற்றைப் பெயராகவும் வரியாகவும் மீட்க, அதே கட்டுமானத்துக்குரிய அடையாள எண் பொறித்த குறியீட்டுக் கோப்பு வேண்டும், வேறொரு பதிப்பின் கோப்பு தவறான வரியையே காட்டும்.