வயிற்றுக் கட்டியும் வைத்திய வரலாறும்



கியா பார்மைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளில் கொழுந்து கிள்ளி ஓய்ந்த நம் பாட்டிமார்களுக்கு வயிறு சற்று உப்பினால், வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுக்கிறோம். தீட்டு நின்று ஆண்டுகள் கழிந்தபின் உதிரம் கண்டாலோ, அதைப் பெற்ற மகளிடம் சொல்லவும் கூச்சம். இந்தக் கூச்சத்திற்கும் மருத்துவத்திற்கும் நடந்த நெடும் போராட்டத்தையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

1809ஆம் ஆண்டு, அமெரிக்காவில் கென்டக்கி நாட்டுப்புறம். ஜேன் கிராஃபர்ட் என்ற பெண்மணியின் வயிறு பெருத்தது. கர்ப்பம் என்றே எல்லாரும் எண்ணினார்கள். நாள் கடந்தும் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவர் எஃப்ராயிம் மெக்டவல் சோதித்து, இது சூற்பையில் வளர்ந்த கட்டி என்றார். அந்த அம்மையார் குதிரையேறி ஏறத்தாழ 60 மைல் பயணம் செய்து மருத்துவர் வீட்டை அடைந்தார். மயக்க மருந்து என்பதே இல்லாத காலம். அவர் வேதப்பாடல்களைச் சொல்லிக்கொண்டே கிடக்க, சுமார் 25 நிமிடங்களில் பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட கட்டி அகற்றப்பட்டது. அதன்பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். துணிவில் யார் பெரியவர் என்று கேட்டால், மருத்துவரைவிட அந்த அம்மையாரையே நாம் சொல்வோம்.

நம் தமிழும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மகப்பேற்று நூல் ஒன்றையும் தமிழில் வெளியிட்டார். ஆயினும் ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று செத்தவர்கள் எத்தனையோ பேர். இதைக் கண்டு மனம் நொந்த மேரி ஷார்லீப் என்ற வழக்கறிஞர் மனைவி, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியாய்ச் சேர்ந்தார். 1885இல் பெண்களுக்கென்றே அவர் தொடங்கிய மருத்துவமனை, இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது.

அக்காலத்தில் கட்டி நீரா, சதையா என்றறிய வயிற்றைத் திறப்பதைத் தவிர வேறு வழி அரிது. அதை மாற்றியவர் கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்ட். இரும்பில் விரிசல் தேடும் ஒலிக்கருவியை, 1955இல் அகற்றப்பட்ட கட்டிகளின்மேல் வைத்துப் பார்த்தார். நீர்ப்பை ஒலியை உள்ளே எதிரொலிக்காமல் கடத்துகிறது. திண்ணிய சதையோ எதிரொலிக்கிறது. இரைப்பையில் தீராத புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில், பெரிய சூற்பைக் கட்டி இருப்பதை இக்கருவி காட்டியது. அது அகற்றப்பட, அவர் பிழைத்தார். 1958இல் இவையெல்லாம் அச்சில் வந்தன. இன்று நாம் சொல்லும் ஸ்கேன் இதன் வழித்தோன்றல்தான்.

எனவே நீர்க்கட்டி என்றதும் கத்தி என்று அஞ்ச வேண்டாம். தீட்டு நின்றவருக்கும், ஒரே அறையாய், தெளிந்த நீருடன், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டியாய் இருந்து, சிஏ-125 என்ற இரத்தச் சோதனையும் சரியாக இருந்தால், சில மாதங்கள் விட்டு மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே பெரும்பாலும் போதும். உள்ளே திண்ணிய பகுதியோ, வயிற்றில் நீரோ காணப்பட்டால் கதை வேறு.

உதிரப்போக்குக்கு மட்டும் காத்திருத்தல் ஆகாது. தீட்டு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டுப் பட்டாலும் காட்ட வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இராது. அந்தப் பத்தாமவரை யார் என்று வெளியிலிருந்து அறிய முடியாது. கருப்பையின் உட்படலம் நான்கு மில்லிமீட்டருக்குமேல் தடித்திருந்தால், மெல்லிய குழாயால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். மயக்கம் கொடுத்துச் சுரண்டும் பழைய முறை இப்போது பலருக்குத் தேவைப்படுவதில்லை.

தானா ராத்தாவுக்கோ ஈப்போவுக்கோ போகும்போது, தீட்டு எந்த ஆண்டு நின்றது, உதிரம் எந்தத் தேதிகளில் பட்டது, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று மகளோ மருமகளோ ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகட்டும். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.