தன்மேல் திரும்பாத தற்சுட்டு: ஸ்பானிய நிகழ்காலத்தில் ‘சே’யின் பணி

ஸ்பானிய மொழிப் பாடநூல்கள் தற்சுட்டு வினையைப் பெரும்பாலும் ஒரே வழியில் அறிமுகம் செய்கின்றன. ‘லாவார்’ என்றால் கழுவுதல். ‘சே’ சேர்ந்து ‘லாவார்சே’ ஆனால் தன்னைத்தானே கழுவிக்கொள்ளுதல். அதன் நிகழ்கால வாய்பாடு: மே லாவோ, தே லாவாஸ், சே லாவா, நோஸ் லாவாமோஸ், ஓஸ் லாவாயிஸ், சே லாவான். எழுவாயும் செயப்படுபொருளும் ஒருவரே என்பதுதான் இதற்குத் தரப்படும் விளக்கம். இந்த விளக்கம் ‘சே’ (மே, தே முதலிய இணை வடிவங்களும் சேர்த்து) பெறும் வினைகளில் சிலவற்றுக்கே பொருந்துகிறது. வினையின் விளைவு எழுவாயிடமே சென்று தங்குகிறது என்று குறிப்பதே ‘சே’யின் பொதுப்பணி, தன்மேல் தானே செயல்படுவது அதன் ஒரு வகை மட்டுமே. நிகழ்கால வழக்கே இதற்குத் தெளிவான சான்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

வடிவத்தை முதலில் பார்த்துவிடலாம். மே, தே, நோஸ், ஓஸ் ஆகியவை தற்சுட்டுக்கென்று தனியாக அமைந்தவை அல்ல. ‘என்னை, எனக்கு’ போன்ற பொருள்களில் எங்கும் வரும் தன்மை, முன்னிலைப் பெயர்களே. படர்க்கையில் மட்டும் ‘சே’ தனி வடிவம். ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றாக இருந்த இலத்தீன் வடிவத்தின் எச்சம் அது. இலத்தீன் அமெரிக்காவில் ‘ஓஸ்’ வழக்கில் இல்லாததால் முன்னிலைப் பன்மையும் ‘சே’யையே ஏற்கிறது. பழைய ஸ்பானியத்தில் தொடரின் தொடக்கத்தில் இந்த வடிவம் நிற்காது, வினைக்குப் பின் வரும். இன்றைய நிகழ்கால வினைமுற்றுக்கு அது முன்னால்தான் வரவேண்டும்.

பாடநூல் விளக்கத்தைச் சோதிக்க மொழிக்குள்ளேயே ஒரு கருவி உண்டு. ‘ஆ மீ மிஸ்மோ’ (என்னையேதான்) என்ற தொடரைச் சேர்த்துப் பார்ப்பது அது. ‘மே லாவோ’வுடன் அது இயல்பாகப் பொருந்தும்: பிறரை அல்ல, என்னையே கழுவுகிறேன். ‘மே லெவான்தோ’ (எழுகிறேன்) என்பதோடு சேர்த்தால் வாக்கியம் விசித்திரமாகிவிடும். ‘மே அர்ரெபியென்தோ’ (செய்ததற்கு வருந்துகிறேன்) என்பதோடு சேரவே சேராது. இந்த வினையும் முறையிடுதலைக் குறிக்கும் ‘கெஹார்சே’, துணிதலைக் குறிக்கும் ‘அத்ரெவேர்சே’ போன்றவையும் இன்றைய வழக்கில் ‘சே’ இன்றி நிற்பதில்லை. ‘சே’ நீங்கிய வினையே இல்லாதபோது, அதன் செயப்படுபொருளாகச் ‘சே’யைக் கொள்ள இடமில்லை. அந்திரேஸ் பெல்யோ 1847இல் சிலியில் வெளியிட்ட இலக்கணத்திலேயே மகிழ்தல், சினத்தல் போன்ற வினைகளைத் தற்சுட்டுப் போலிகளாகப் பிரித்து வைத்தார்; அவற்றில் தற்சுட்டு வடிவத்தில் இருக்கிறதே தவிரப் பொருளில் இல்லை என்பது அவர் கண்டது.

இரண்டாவது சான்று உடலைப் பற்றிய வாக்கியங்களில் கிடைக்கிறது. ‘மே லாவோ லாஸ் மானோஸ்’ என்றால் கைகழுவுகிறேன். இங்கே செயப்படுபொருள் கைகள். ‘மே’ நான்காம் வேற்றுமைப் பொருளில் அவை யாருடையவை என்பதைக் காட்டுகிறது. அதனால்தான் ‘என் கைகள்’ என்று உடைமைச்சொல் வருவதில்லை. ‘மே கோர்தோ எல் பேலோ’ இன்னும் தெளிவு. முடிதிருத்துபவர் கத்தரிக்கோலைப் பிடித்தாலும் பேசுபவர் ‘நான் முடி வெட்டிக்கொள்கிறேன்’ என்றே சொல்கிறார். செய்தவர் வேறு, விளைவு தங்கிய இடம் எழுவாய்.

நிகழ்காலத்தில் தெளிவாகத் தெரியும் சான்று மூன்றாவது. ‘துயெர்மோ ஓச்சோ ஓராஸ்’ என்றால் எட்டு மணி நேரம் தூங்குகிறேன். ‘மே துயெர்மோ’ என்றால் தூக்கம் வந்து கண் செருகுகிறது, அல்லது வழக்கமாக இன்ன நேரத்தில் தூங்கிப்போகிறேன். முன்னது நீளும் நிலை; பின்னது அந்நிலைக்குள் நுழையும் கணம். ‘வோய்’ (போகிறேன்) போகுமிடத்தை வேண்டுகிறது. ‘மே வோய்’ இடத்தைச் சொல்லாமலே ‘கிளம்புகிறேன்’ என்று முடிந்துவிடுகிறது. ‘கோமோ மன்சானாஸ்’ என்றால் ஆப்பிள் தின்னும் பழக்கம். ‘மே கோமோ லா மன்சானா’ என்றால் அந்த ஓர் ஆப்பிளை முழுதும் தின்றுவிடுவது. நிகழ்காலம் இயல்பாகவே எல்லையற்றது. அதில் செயலுக்கு ஓர் எல்லை வேண்டும்போது ‘சே’ அதைக் கொடுக்கிறது. தன்மேல் தானே செயல்படுவது என்ற கருத்துக்கு இவற்றில் எங்கும் வேலையில்லை.

தமிழ் வழியாகக் கற்பவருக்கு இதை உணர்வது எளிது. ‘லெவான்தார்–லெவான்தார்சே’ என்பது எழுப்பு–எழு என்ற பிறவினை–தன்வினை இணைதான். திசை மட்டுமே வேறு. தமிழ் தன்வினையிலிருந்து பிறவினையை ஆக்குகிறது; ஸ்பானியம் பிறவினையோடு ‘சே’யைச் சேர்த்துத் தன்வினை ஆக்குகிறது. ‘மே கோர்தோ எல் பேலோ’ என்பதற்குத் தமிழில் ‘கொள்’ என்னும் துணைவினை வருகிறது. கதவு யாரும் தொடாமல் திறந்துகொள்கிறது என்பதிலும் அதுவே. ஸ்பானியத்திலும் அங்கே ‘சே ஆப்ரே’. தூங்கிவிடுகிறேன், தின்றுவிடுகிறேன் என்ற இடங்களில் தமிழுக்கு ‘விடு’ வேண்டியிருக்கிறது. தமிழ் மூன்று வழிகளில் பிரித்துச் சொல்வதை ஸ்பானியம் ஒன்றில் அடக்குகிறது. ஆகவே எந்த ஒரு தமிழ் வடிவமும் ‘சே’க்கு முழு ஈடாகாது.

அப்படியானால் இத்தனைக்கும் தற்சுட்டு வடிவமே ஏன் வந்தது என்று கேட்கலாம். குளித்தல், உடுத்தல் போன்ற செயல்களில் செய்பவரையும் செய்யப்படுபவரையும் பிரித்துக் காண்பது கடினம். சூசன் கெம்மர் 1993இல் வெளியிட்ட நூல் பல மொழிகளில் தற்சுட்டு வடிவம் இத்தகைய செயல்களையும் எழுதல், அமர்தல் போன்ற உடலசைவுகளையும் தழுவி நிற்பதைக் காட்டுகிறது. ஸ்பானியம் தனிவிலக்கு அல்ல. தோற்றத்தில் தற்சுட்டு என்பதால் இன்றைய பணியும் தற்சுட்டே என்று முடிவுகட்ட முடியாது.

இதன் பயன் வகுப்பறையில் உண்டு. எழுகிறேன், குளிக்கிறேன், உடுத்துகிறேன் என்று காலைக் கடமைகளை வரிசையாக ஒப்புவிக்கும் பயிற்சி வடிவத்தைத்தான் பழக்குகிறது. ‘சே’ இல்லாத இணை அங்கே இல்லாததால் அதன் வேலை புலப்படுவதில்லை. ‘அகுவெஸ்தோ அல் நீன்யோ இ லுவேகோ மே அகுவெஸ்தோ’: குழந்தையைப் படுக்கவைக்கிறேன், பிறகு நான் படுக்கிறேன். இத்தகைய இணைகளில் தொடங்கி, ‘துயெர்மோ–மே துயெர்மோ’ வேறுபாட்டுக்குச் சென்று, ‘என்னையே’ என்ற பொருளைச் சிறப்பு வகையாகக் கடைசியில் கற்பிப்பதே மொழியின் உண்மை நிலைக்கு இசைவான வரிசை.