புதுசை விடப் பழசுக்கு விலை அதிகம்!

முதல் வருட அக்கவுன்டன்சியில் தேய்மானம் என்று ஒரு பாடம் வரும். பி.காம் படிக்கிற நண்பர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு நொந்து போயிருப்பீர்கள். ஒரு சொத்தை வாங்கினால் அதன் மதிப்பு வருஷா வருஷம் குறையும். நேர்க்கோட்டு முறையில் போட்டாலும் சரி, குறைந்து செல் மதிப்பு முறையில் போட்டாலும் சரி, கோடு கீழேதான் போகும். கார் என்றால் கேட்கவே வேண்டாம். ஷோரூம் வாசலைத் தாண்டினாலே விலை இறங்கிவிடும் என்பார்கள்.

ஆனால் நம் நாட்டிலேயே இந்தக் கோடு மேலே போன ஒரு காலம் இருந்திருக்கிறது. 1960களிலும் 70களிலும் ஒரு ஃபியட் காரைக் கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, வாங்கிய விலைக்கு மேலேயே விற்க முடிந்திருக்கிறது. கதை இல்லை, நிஜம்!

எப்படி என்று பார்ப்போம். சுதந்திரத்துக்கு முன்பே ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு இரண்டும் இங்கே கார்களைப் பூட்டி விற்றுக் கொண்டிருந்தன. பாகங்கள் கப்பலில் வரும், இங்கே சேர்ப்பார்கள். 1953ல் அரசாங்கம், உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கிறவர்கள் மட்டும் இருக்கலாம் என்று முடிவெடுத்தது. இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் மூட்டை கட்டின. மிஞ்சியவர்களில் கார் என்று சொல்லும்படி செய்தவர்கள் மூன்றே பேர். கொல்கத்தா பக்கம் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மும்பையில் பிரீமியர், நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. அவ்வளவுதான் சாய்ஸ்.

எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ் வேண்டும். 1970களில் நாடு முழுவதுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 50,000 கார் கூட உற்பத்தியாகவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதில் அரசு ஒதுக்கீடு வேறு. பதவியில் இருப்பவர்களுக்கு வரிசை கிடையாது, கோட்டா உண்டு.

இதற்கு மேல் விலைக் கட்டுப்பாடு. 1969ல் அரசாங்கம் சட்டப்படியே கார்களுக்கு விலை நிர்ணயித்தது. கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1971 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, முதலீட்டுக்கு எவ்வளவு வருமானம் என்று நீதிபதிகள் உட்கார்ந்து காஸ்ட் ஷீட் பார்த்த வழக்கு அது. (காஸ்டிங் பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்கள் ஆறுதல் அடையலாம்.)

இப்போது யோசித்துப் பாருங்கள். கணக்குக்காக ஒரு காரின் கட்டுப்பாட்டு விலை 15,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். காத்திருக்க மனமில்லாத ஒருவர் 20,000 தரத் தயார். புதுக் காரை அந்த விலைக்கு யாரும் விற்கக் கூடாது. பழைய காருக்கோ அப்படி யாரும் விலை எழுதி வைக்கவில்லை. ஆகவே உண்மையான விலை பழைய கார் சந்தையில்தான் தெரிந்தது. ஷோரூமில் இருந்தது காகித விலை.

இந்த 5,000 ரூபாய் யாருக்குப் போனது என்பதுதான் என்னை உறுத்துகிற கேள்வி. காரைச் செய்த கம்பெனிக்குப் போகவில்லை, தொழிலாளிக்கும் போகவில்லை. சாமானியன் நலனுக்காக விலைக் கட்டுப்பாடு என்றார்கள். அந்தக் காலத்துச் சாமானியன் கார் வாங்கினானா என்ன? சைக்கிள் வாங்கவே யோசித்தான். பணம் போனது அலாட்மென்ட் கையில் வைத்திருந்தவருக்கு. வரிசையில் முன்னால் நிற்க யாரைத் தெரியுமோ, அவருக்கு. ஸ்கூட்டரிலும் இதே கதைதான். வெஸ்பாவும் பஜாஜும் புக் செய்து காத்திருந்தவர்கள் அந்த ரசீதையே சொத்து மாதிரி பீரோவில் பூட்டி வைத்தார்கள். கம்பெனியின் பக்கமும் பாருங்கள். எதைச் செய்தாலும் விற்கும், விலையை உயர்த்தவும் முடியாது என்றால் காரை எதற்கு மேம்படுத்த வேண்டும்?

மேம்படுத்தவும் இல்லை. 1950களின் கடைசியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அச்சு எடுத்த மாதிரி அம்பாசடர் வந்தது. பிறகு மார்க் 2, மார்க் 3, மார்க் 4. முன்பக்கக் கிரில், விளக்கு, டேஷ்போர்டு என்று மேல்பூச்சு மாற்றங்கள்தான் பெரும்பாலும். ஃபியட் 1100 பேரில் மட்டும் வளர்ந்தது: டிலைட், பிரீமியர் பிரசிடென்ட், 1974ல் பிரீமியர் பத்மினி. (எங்கள் தாத்தா கடைசி வரை அதை ஃபியட் என்றுதான் சொன்னார்.) நம் பாடப் புத்தகத்தில் தேய்மானத்துக்கு இரண்டு முக்கியக் காரணம் போட்டிருக்கும். ஒன்று உபயோகத்தால் தேய்வது, இன்னொன்று வழக்கற்றுப் போவது. இங்கே இரண்டாவது காரணமே கிடையாது! பத்து வருஷப் பழசும் புதுசும் ஏறக்குறைய ஒரே கார். பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றி மாட்டுவார். பிறகு எப்படி விலை இறங்கும்?

பழைய கார் என்றால் பொருளாதாரப் பேராசிரியர்கள் உடனே சொல்லும் பெயர் ஜார்ஜ் அக்கர்லாஃப். பழைய காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் நல்ல பழைய காருக்கும் நல்ல விலை கிடைக்காது என்று 1970ல் கட்டுரை எழுதியவர். 2001ல் நோபல் பரிசு வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன் 1967-68ல் அவர் ஓராண்டு டெல்லியில் இருந்திருக்கிறார். அந்தக் கட்டுரையில் இந்தியக் கடன் சந்தை பற்றி எழுதினார். இந்தியப் பழைய காரைத் தொடவில்லை. தொட்டிருந்தால் தலை சுற்றியிருக்கும். இங்கே புதுக் காரை எடுத்ததும் ஒர்க்‌ஷாப்பில் விட்டு நட்டு போல்ட்டை இறுக்குவது சகஜம். இரண்டு வருஷம் ஓடிய காரில் அந்தக் குறைகளை யாரோ ஏற்கெனவே சரி செய்திருப்பார்கள். புதுசுதான் சந்தேகப் பொருள்!

இதை உடைத்தது மாருதி. 1983ல் 10,000 ரூபாய் முன்பணத்துடன் புக்கிங் திறந்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். அதே வருஷம் டிசம்பர் 14 அன்று முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். முதலில் இங்கேயும் பழைய கதைதான், கிடைத்த காரைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றியவர்கள் உண்டு. ஆனால் தொழிற்சாலை வேகம் எடுக்க எடுக்க பிரீமியம் கரைந்தது. 1986ல் மாருதி 800ன் உருவமே மாறியதும், பழைய மாடல் என்ற சொல்லுக்கு முதன்முறையாக ஒரு அர்த்தம் வந்தது என்று நினைக்கிறேன். நம்ம ஸ்டாண்டர்டும் 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை வண்டலூரில் இறக்கிப் பார்த்தது. வெளியே நவீன உடம்பு, உள்ளே அரதப் பழசு எஞ்சின். 1988ல் மூடிவிட்டார்கள்.

1993ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. 1998ல் சான்ட்ரோ, மாட்டிஸ், இண்டிகா என்று வரிசையாக வந்தன. மாருதி தன் 800ன் விலையைக் குறைத்தது. புதுக் காரின் விலை குறைந்தால் ஊரில் ஓடிக் கொண்டிருக்கும் அத்தனை பழைய காரின் விலையும் அன்றே குறைந்துவிடும். ஓட்டியவன் ஒரு கிலோமீட்டர் கூடக் கூடுதலாக ஓட்டியிருக்க மாட்டான்! 2025 செப்டம்பர் 22ல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி 28லிருந்து 18 சதவீதமானபோதும் பழைய கார் வியாபாரிகளுக்கு இதே தலைவலிதான்.

பழைய கார் வாங்க நினைக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது, ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பு வருஷம் அவ்வளவு முக்கியமா என்று. அன்று இல்லை, இன்று ரொம்ப முக்கியம். மாடல் அடிக்கடி மாறுகிறது. சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். வேரியன்ட் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். புதிதில் ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்த டாப் மாடலுக்கு, ஏழெட்டு வருஷம் கழித்து அந்த வித்தியாசம் அப்படியே நிற்காது.

பழைய கார் புதுசை முந்துவது அம்பாசடரோடு போகவில்லை. 2021ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவிலேயே ஒரு வருஷம் ஓடிய சில கார்கள் புதுக் காரின் விலையைத் தாண்டி விற்றன. அங்கே லைசென்ஸும் இல்லை, கோட்டாவும் இல்லை. காத்திருப்பு மட்டும் இருந்தது.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் காரோ ஸ்கூட்டரோ புக் செய்து காத்திருந்த பெரியவர்கள் இருந்தால், எத்தனை வருஷம் ஆனது, பிரீமியம் எவ்வளவு ஓடியது என்று கேட்டுப் பாருங்கள். தேதி வாரியாகச் சொல்வார்கள்.