வியன்னாவில் ஒரு சொல்

1814ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் வியன்னா நகரிற் கூடிய இராசதந்திரிகளுள் தாலிராந்தின் நிலையே மிகச் சங்கடமானது. நெப்போலியன் தோற்று எல்பாத் தீவுக்கு அனுப்பப்பட்டுவிட்டான். தோற்ற பிரான்சின் சார்பிற் பேச வந்தவர் இவர். முன்னாளிற் கத்தோலிக்க மேற்றிராணியார். பின்னர் புரட்சியின் பக்கம். அதன்பின் நெப்போலியனின் வெளிநாட்டமைச்சர். இப்போதோ பதினெட்டாம் லூயி மன்னரின் பிரதிநிதி! இத்தகையவரை நம்புவார் யார்?

ஒஸ்திரியா, பிரித்தானியா, இரசியா, பிரசியா ஆகிய நான்கு வல்லரசுகளும் முக்கிய விடயங்களைத் தமக்குள்ளேயே தீர்த்துக்கொள்வதென முன்னரே உடன்பட்டிருந்தன. 30ஆந் திகதி தாலிராந்தும் ஸ்பானியப் பிரதிநிதி லப்ரதோரும் அழைக்கப்பட்டு, அவ்வுடன்பாட்டுப் பத்திரம் அவர்களுக்குக் காட்டப்பட்டது. அதிலே 'நேசநாடுகள்' என்றொரு சொல். தாலிராந்து அவ்விடத்திலேயே நிறுத்திக்கொண்டார். யாருக்கு எதிரான நேசம் என்று கேட்டார். நெப்போலியனுக்கா? அவன்தான் எல்பாவில் இருக்கின்றானே. பிரான்சிய மன்னருக்கா? அவரோடு மே மாதம் 30ஆந் திகதியே பாரிசிற் சமாதானம் செய்தாயிற்றே!

இந்நிகழ்ச்சியை நாம் அறிவது பெரும்பாலும் தாலிராந்து தம் மன்னருக்கு வரைந்த கடிதத்தின் வாயிலாகவே. தம் வெற்றியைத் தாமே எழுதுவோர் சற்று மெருகிடுதல் இயல்பு. ஆயினும் மகாநாட்டின் செயலாளராயிருந்த கென்ஸ் என்பவரும், அவ்விருவரும் தம் திட்டத்தைக் குழப்பிவிட்டனர் என நாட்குறிப்பிற் பதிந்துள்ளமையால், இதனை வெறுங்கதையெனத் தள்ளுவதற்கில்லை.

எனினும் அச்சொல்லால் மாத்திரம் பிரான்சுக்கு ஆசனம் கிடைத்துவிடவில்லை. இரசியா போலந்தையும் பிரசியா சக்சனி முழுவதையும் விழுங்க முற்பட்டன. பிரித்தானியாவும் ஒஸ்திரியாவும் அஞ்சின. 1815 சனவரி 3ஆந் திகதி இவ்விரு நாடுகளும் பிரான்சுடன் ஓர் இரகசிய உடன்படிக்கை செய்தன. தம்முள் ஒரு நாடு தாக்கப்படின் ஒவ்வொன்றும் 150,000 போர்வீரரைத் தருவதாக வாக்களித்தன. நெப்போலியன் முடிதுறந்து ஓராண்டேனும் நிறையவில்லை! சில நாட்களில் பிரான்சு ஐந்தாவது வல்லரசாக உள்ளே அமர்ந்தது.

இங்கே நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். செப்தெம்பரில் தாலிராந்து வாதாடியது சிறிய நாடுகளின் உரிமையின் பேரால். எல்லா நாடுகளும் கூடிய மகாநாடே முடிவு கூறவேண்டும் என்றார். தமக்கு இடம் கிடைத்தபின் அக்குரல் மெலிந்துவிட்டது. எல்லோரும் ஒருங்கிருந்து விவாதித்த முழுக்கூட்டம் வியன்னாவில் ஒருநாளேனும் நடைபெறவில்லை. தன் பழைய குடியரசை மீட்டுத்தருமாறு பிரதிநிதியை அனுப்பிய ஜெனோவா, சார்டீனிய மன்னருக்கு வழங்கப்பட்டது. தாலிராந்தின் சாமர்த்தியத்தை மெச்சலாம். ஆனால் அவர் ஏறிய ஏணியும், ஏறியபின் அதை அவர் உதைத்த விதமும், சிறிய தீவொன்றிற் பிறந்த எமக்கு எளிதிற் கண்ணிற் படுகின்றன.

சிறிய நாடுகளுக்கு அங்கு கிட்டிய நன்மை வேறொன்று. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தூதுவருள் முன்னிற்பவர் யார் என்பது அக்காலத்திற் பெரும் பிணக்கு. 1661இல் இலண்டன் வீதியிலே பிரான்சிய, ஸ்பானியத் தூதுவர்களின் வண்டிகளுள் எது முந்துவதென்று சண்டை மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. 1815 மார்ச் 19ஆந் திகதி வியன்னாவில் ஒப்பமிட்ட ஒழுங்குவிதி, தூதுவரைத் தரம்பிரித்து, ஒரே தரத்தாருள் தம் வருகையை முதலில் முறைப்படி அறிவித்தவரே முன்னிற்பார் என வகுத்தது. அதே நகரில் 1961இல் உருவான இராசதந்திர உறவுகள் பற்றிய உடன்படிக்கையும், பதவியேற்ற நாளையும் நேரத்தையும் கொண்டே வரிசையை நிர்ணயிக்கிறது. வல்லரசின் தூதுவர் ஒருநாள் பிந்தி வந்தால், முந்தி வந்த சிறுநாட்டுத் தூதுவருக்குப் பின்னாலேயே நிற்கின்றார்.